திடலில் பிறக்கும் வினாக்கள்

சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அம்பத்தூரும் ஆவடியும் அமைந்துள்ளன. பூவிருந்தவல்லி, பெங்களூரு நெடுஞ்சாலையின் வழியில் உள்ளது. தொழிற்பேட்டையாலும் கனரக ஊர்தித் தொழிற்சாலையாலும் பெயர்பெற்ற இப்புறநகர்ப் பகுதியில், குடியிருப்புகள் பெருகப் பெருகத் திறந்தவெளிகள் அருகி வருகின்றன. எஞ்சியுள்ள பள்ளித் திடல்களின் அருமை அதனால் கூடுகிறது. மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவருள் சிலருக்கு அத்திடலே நாளைய பணியிடமும் ஆகலாம். உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர் தத்துவமும் கற்க வேண்டும் எனில் வியப்புத் தோன்றக்கூடும். ஓடவும் தாண்டவும் கற்பிப்பவருக்குத் தத்துவம் எதற்கு?

புறநகர்த் திடலும் தத்துவப் பள்ளியும்

இவ்விரு துறைகளும் தொடக்கத்தில் ஒரே இடத்தில் வளர்ந்தவை. பண்டைய ஏதென்சு நகரின் மதிலுக்கு வெளியே இளைஞர் மற்போரும் ஓட்டமும் பயின்ற திடல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றான அக்காதெமியில் பிளேட்டோ தம் பள்ளியை நிறுவினார். மற்றொன்றான லைசியத்தில் அரிஸ்டாட்டில் கற்பித்தார். உடலைப் பழக்கிய இடத்திலேயே அறிவும் பழக்கப்பட்டது. தமிழ் மரபிலும் உடலைப் பேணுவதை உயிரைப் பேணும் வழியாகவே திருமூலர் கண்டார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எண்வகை யோக உறுப்புகளை விளக்குகிறது.

உடற்கல்வியியல் படிப்பு

அமெரிக்கரான ஆரி குரோ பக் என்பவர் 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற இந்திய அணியுடன் அவர் பயிற்றுநராகச் சென்றார். அப்பள்ளி இன்று நந்தனத்தில் கல்லூரியாக விளங்குகிறது. ஆவடி மாணவர் புறநகர்த் தொடர்வண்டியில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் அவ்விடத்தை அடையலாம். மேலைக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இயங்குகிறது.

பட்டப்படிப்பிற்குப் பின் பயிலும் பி.பி.எட். இரண்டு ஆண்டுகள் கொண்டது. உடற்கூறியல், உடலியங்கியல், இயக்கவியல், விளையாட்டு உளவியல், கற்பித்தல் பயிற்சி ஆகியவற்றோடு உடற்கல்வியின் தத்துவ அடிப்படைகளும் இதில் இடம்பெறுகின்றன. குழந்தையின் இயல்பான வளர்ச்சியைப் பின்பற்றச் சொல்வது இயற்கைக்கொள்கை. ரூசோ இதனை வலியுறுத்தினார். செய்து பார்த்தலே கற்றல் என்பது பயன்வழிக்கொள்கை; ஜான் டூயி இதன் முதன்மைச் சிந்தனையாளர். முன்னதை ஏற்கும் ஆசிரியர் குழந்தையைத் தடையின்றி ஓடியாட விடுவார். பின்னதை ஏற்பவர் ஆட்டத்தின் விதிகளை மாணவரே வகுத்து, ஆடிப் பார்த்துத் திருத்தச் செய்வார். கொள்கை மாறும்போது பாடவேளையும் மாறுகிறது.

தத்துவத்தின் வாயில்

தத்துவ அறிமுகப் பாடம் பொதுவாக நான்கு பிரிவுகளைத் தொடும். சரியாகச் சிந்திக்கும் முறையை அளவையியல் கூறும். அறிவு எவ்வாறு கிடைக்கிறது என்பதை அறிவாராய்ச்சியியல் ஆராயும். உள்ளது எது என்பதை மெய்ப்பொருளியலும், செய்யத்தக்கது எது என்பதை அறவியலும் வினவும்.

உடலும் மனமும் ஒன்றா, வேறா என்பது இவற்றுள் பழமையான வினா. மணிமேகலையின் 27ஆவது காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை பல சமயத்தாரின் கருத்துகளைக் கேட்கிறாள். அவருள் பூதவாதி, பூதங்களின் சேர்க்கையிலிருந்தே உணர்வு தோன்றுகிறது என்று வாதிடுகிறான். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் தெகார்த்தோ உடலையும் மனத்தையும் இருவேறு பொருள்களாகக் கொண்டார். இரண்டும் முற்றிலும் வேறு எனக் கருதுவோர்க்கு, தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைப் பிற பாடத்திற்குத் தருவது எளிதாகத் தோன்றும். பிரிக்க இயலாதவை எனக் கருதுவோர்க்கு அது கல்வியின் ஒரு பகுதியையே இழப்பதாகும். கால அட்டவணைக்குள்ளும் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது.

பந்து யாருக்கு?

நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒரே பந்து இருப்பதாகக் கொள்வோம். அதை யாரிடம் தருவது? சிறந்த குழல் யாருக்கு உரியது என்னும் வினாவை அரிஸ்டாட்டில் எழுப்பினார். பிறப்போ அழகோ அதனைத் தீர்மானிக்கக் கூடாது. நன்கு குழலூதுபவருக்கே அது உரியது என்பது அவர் விடை. அவ்வாறெனில் பந்தும் நன்கு ஆடுவோர்க்கே உரியதா?

போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்விடை பொருந்தும். பாடவேளையின் நோக்கமோ வேறு. வகுப்பில் பந்து கற்றலுக்கான கருவி; ஆடத் தெரியாத மாணவருக்கே அது மிகுதியாகத் தேவைப்படுகிறது. திறன்மிக்க பதினொருவர் மட்டும் ஆட, ஏனையோர் எல்லைக்கோட்டருகே அமர்ந்திருந்தால் அவ்வேளை சிலருக்கே கல்வியாகிறது. அமர்ந்திருப்போருள் மாணவியரே மிகுதி எனில் அநீதி இன்னும் ஆழமாகிறது. நாற்பதின்மரையும் சிறு குழுக்களாகப் பிரித்து, முறைவைத்து ஆடச்செய்யும் ஆசிரியர், நீதி குறித்த ஒரு முடிவை எடுக்கிறார்.

மூச்சிரைக்கும் மாணவரின் உடலில் நிகழ்வதை உடலியங்கியல் விளக்கும். பந்தயத்தில் இறுதியாக வருபவரை எவ்வாறு மதிப்பது என்பதை அது கூறாது. அதற்கு அறவியலே துணைநிற்கும். இவ்விரண்டையும் கற்ற ஆசிரியரிடம், புறநகர்ப் பள்ளியின் சிறு திடலும் வகுப்பு முழுவதற்கும் போதுமான இடமாக விரியும்.