லயத்துக்கு வராத பூசை

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் நம் ஜொகூரிலும் கோயில் கதவுகள் மூடின. ஏப்ரல் 12, ஈஸ்டர் திருநாள். பீடத்தில் சாமியார் இருந்தார், பெஞ்சிலே ஜனங்கள் இல்லை. பூசை இணையம் வழியாகக் கைத்தொலைபேசிக்கு வந்தது.

நல்ல காரியந்தான். நற்கருணை மட்டும் அதில் வராது. ஆனாலும் படுத்த படுக்கையாய் உள்ள கிழவிக்கு அது பெரிய ஆறுதல். தோட்டத்து நிலைமை என்ன? செம்பனைக் காட்டுக்குள்ளே லைன் எங்கேங்க கிடைக்குது? சாமியார் வாய் அசையும், சத்தம் வராது.

முன்பெல்லாம் மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலி சிற்றலையில் தமிழ் பேசியது. ஒரு வீட்டு ரேடியோவை லயமே கேட்கலாம். பேட்டரி செலவோடு சரி. 2018இல் அதுவும் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இன்று கேட்க டேட்டாவுக்குப் பணம் கட்டணும்.

கோயில் சபையாருக்கு நாம் சொல்வது இது: தமிழ்ப் பிரசங்கத்தைப் படமில்லாமல் ஒலியாக மட்டும் பதிந்து அனுப்புங்கள். டேட்டா கொஞ்சமாகத்தான் பிடிக்கும். டவுனுக்குப் போகிற பிள்ளை இறக்கிக்கொண்டு வந்தால் ராத்திரி குடும்பமே கேட்கும்.

நிர்வாகத்திடம் தண்ணீரும் விளக்கும் கேட்டு வாங்கிய நாம் லைனையும் கேட்போம். கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகளின் பள்ளிப் பாடமும் அதிலேதானே வந்தது!