எஃப்1 வாரம்: வீட்டுப் பக்கம் சாலை மூடினால் எப்படிச் சமாளிப்பது?

வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. பீச் ரோடு பக்கம் வீடு. அம்மாவை ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப் போக வேண்டும். வாடகைக் காருக்குப் பதிவு செய்கிறீர்கள். 4 நிமிடத்தில் வரும் என்கிறது செயலி. 10 நிமிடம் கழித்துப் பார்த்தால் 14 நிமிடம் என்கிறது. ஓட்டுநர் அழைக்கிறார்: "சார், அந்தப் பக்கம் வழி இல்ல. சுத்தித்தான் வரணும்."

"இன்னும் வரலையாப்பா?" என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

எஃப்1 கார்ப் பந்தயம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது விளக்கு வெளிச்சம், கார்களின் இரைச்சல், இசை நிகழ்ச்சி. டிக்கெட் வாங்காதவர்களுக்கும் அந்த வாரம் உண்டு. அங்கே குடியிருப்போர், வேலைக்குப் போவோர், கடை வைத்திருப்போர், உணவு விநியோகிப்போர் எல்லாருக்கும் அது 'சாலை மூடும் வாரம்'.

சாலை மூடுவது நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகள் போகும்போது எந்தப் பக்கம் சுற்றிப் போவது என்று பலருக்கும் அத்துப்படி. ஆனால் எஃப்1 ஒருநாள் கூத்து இல்லை. அதனால் திட்டமும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

இந்த ஆண்டு பந்தயம் அக்டோபர் 9 முதல் 11 வரை. எதையெல்லாம் கவனிக்கலாம்? பார்ப்போம்.

பந்தயம் 3 நாள்தானே... சாலையை ஏன் புதன்கிழமையே மூட வேண்டும்?

பலரும் கேட்கும் கேள்வி இது.

சிங்கப்பூரின் பந்தயத் தடத்தில் பெரும்பகுதி நாம் தினமும் பயன்படுத்தும் சாலைகள்தான். ராஃபிள்ஸ் பொலவார்ட், ராஃபிள்ஸ் அவென்யூ, செயிண்ட் ஆண்ட்ரூஸ் ரோடு, ஃபுல்லர்ட்டன் ரோடு, எஸ்பிளனேட் டிரைவ், நிக்கல் ஹைவேயின் ஒரு பகுதி, 1910இல் திறக்கப்பட்ட ஆண்டர்சன் பாலம்... இவற்றை எல்லாம் இணைத்தால் ஏறக்குறைய 4.9 கிலோமீட்டர் தடம். அதைத்தான் கார்கள் 62 முறை சுற்றுகின்றன.

நேற்று வரை பேருந்து ஓடிய சாலையில் இன்று மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட வேண்டும் என்றால் சும்மா ஆகிவிடாது.

● சந்திகளில் போக்குவரத்துக்காக விட்டு வைத்த இடைவெளிகளைக் காங்கிரீட் தடுப்பு, வேலி கொண்டு அடைக்க வேண்டும்.

● சாலையில் உள்ள பாதாளச் சாக்கடை மூடிகள் அசையாதபடி இறுக்கப்பட வேண்டும். அது சின்ன விஷயம் இல்லை. 2023இல் லாஸ் வேகஸ் பந்தயத்தின் முதல் பயிற்சிச் சுற்றில் சாலையில் இருந்த ஒரு மூடி கழன்று கார்லோஸ் சைன்ஸின் காரைச் சேதப்படுத்தியது. பயிற்சி சில நிமிடங்களிலேயே நின்றுபோனது.

● தடத்தை அதிகாரிகள் சோதிக்க வேண்டும். அவசர வாகனங்கள் எங்கே நிற்கும், எப்படி நுழையும் என்று ஒத்திகை பார்க்க வேண்டும்.

அதனால்தான் அண்மை ஆண்டுகளில் புதன்கிழமை பிறந்ததும், அதாவது செவ்வாய் நள்ளிரவு தாண்டியதுமே சாலைகளை மூடி விடுகிறார்கள். திங்கட்கிழமை விடியற்காலை சுமார் 5.30 மணிக்கு, காலை உச்ச நேரத்துக்கு முன்னதாக, மீண்டும் திறக்கிறார்கள். துல்லியமான தேதி, நேரம், சாலைகளின் பட்டியல் ஆகியவற்றை நிலப் போக்குவரத்து ஆணையமும் ஏற்பாட்டாளர்களும் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறார்கள். போன வருஷ ஞாபகத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

'செவ்வாய்க்கிழமை நள்ளிரவு' என்பதில் பலர் ஏமாந்து போவதுண்டு. செவ்வாய் இரவு காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டுப் புதன் காலை எடுத்துக் கொள்ளலாம் என்று நினைத்தால்... கதை முடிந்தது. செவ்வாய் மாலையே காரை வெளியே எடுத்து விடுங்கள்.

என் வீட்டுச் சாலை பட்டியலில் இல்லையே... எனக்கு என்ன?

கவனிக்க வேண்டிய விஷயமே இதுதான்.

மூடிய சாலையில் நெரிசல் இருக்காது. அங்கே வாகனமே இல்லை! மூடாத சாலையில்தான் நெரிசல். நிக்கல் ஹைவேயில் போக வேண்டிய வாகனங்கள் காணாமல் போவதில்லை. பீச் ரோடு, ரோச்சோர் ரோடு, நார்த் பிரிட்ஜ் ரோடு என்று பக்கத்துச் சாலைகளுக்கு வருகின்றன. ஆக, உங்கள் வீவக அடுக்குமாடி தடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் நீங்களும் பாதிக்கப்படலாம்.

எனவே 'என் சாலை மூடுதா?' என்று மட்டும் பார்க்காமல், 'மூடிய சாலையில் போகிறவர்கள் என் சாலைக்கு வருவார்களா?' என்றும் யோசியுங்கள்.

தீவின் கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்கள் நகருக்குள் நுழையவே தேவையில்லை. மரீனா கரையோர விரைவுச்சாலை நிலத்துக்கு அடியில் செல்கிறது. தீவு விரைவுச்சாலையும் இருக்கிறது. கொஞ்சம் தூரம் கூடினாலும் நேரம் மிச்சமாகலாம்.

எந்த நாள், எந்த நேரம் அதிகச் சிரமம்?

புதன், வியாழன்: கூட்டம் இல்லை. ஆனால் வேலை நாள். சாலைகள் மூடியிருப்பது மறந்துபோய் வழக்கம்போலக் கிளம்புபவர்கள் அதிகம். முதல் நாள் காலை கூடுதலாக 20, 30 நிமிடம் வைத்துக் கொள்ளுங்கள்.

வெள்ளி: மிகச் சிக்கலான நாள் என்று சொல்லலாம். வேலை முடிந்து வீடு திரும்புபவர்களும் பந்தயம் பார்க்க வருபவர்களும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் நகர்வார்கள். முடிந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாமா என்று மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

சனி, ஞாயிறு: காலையில் ஓரளவு அமைதி. மதியத்துக்குமேல் கூட்டம் சேரும். ஞாயிறு இரவு 8 மணிக்குப் பந்தயம் தொடங்கும். அது முடிந்ததும் இசை நிகழ்ச்சி. அதனால் இரவு 10 மணி முதல் நள்ளிரவு வரை ரயில் நிலையங்களில் கூட்டம் நிறைந்திருக்கும். 2022இல் மூன்று நாளும் சேர்த்து 302,000 பேர் வந்தார்கள். அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணுமே!

வெளியே முடிக்க வேண்டிய வேலைகளைச் சனி, ஞாயிறு காலையிலேயே முடித்து விடுவது நல்லது. சந்தைக்குப் போவது, கோயிலுக்குப் போவது, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போவது எல்லாம் அப்போதே.

பேருந்து, ரயில்... எதை நம்பலாம்?

ரயிலை நம்பலாம். சிட்டி ஹால், எஸ்பிளனேட், ப்ரோமனாட், பேஃபிரன்ட், நிக்கல் ஹைவே என்று தடத்தைச் சுற்றிப் பல பெருவிரைவு ரயில் நிலையங்கள் உள்ளன. பந்தய நாள்களில் ரயில் சேவை நேரத்தை நீட்டிப்பதும் வழக்கம்.

ஒரு சின்ன யோசனை. சிட்டி ஹால் நிலையத்திலிருந்து எஸ்பிளனேட் நிலையம் பக்கம் நடந்தே போக நிலத்தடியில் சிட்டிலிங்க் கடைத்தொகுதி வழி இருக்கிறது. வெயில் இல்லை, மழை இல்லை, சாலையைக் கடக்கவும் தேவையில்லை. பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த வாரம் அதுதான் உயிர்நாடி. கூட்ட நேரத்தில் அங்கும் நெரிசல் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பேருந்து விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை. மாற்றுப் பாதையில் ஓடும் பேருந்துகள் சில நிறுத்தங்களில் நிற்கா. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படியுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். வழக்கமான நிறுத்தத்தில் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, பேருந்தே வராது என்று பிறகு தெரிந்து கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

வாடகைக் கார் வேண்டுமென்றால் வீட்டு வாசலுக்கே வரச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். மூடிய பகுதிக்கு வெளியே, ஓட்டுநர் சுலபமாக வந்து போகக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிட நடை உங்களுக்கு 20 நிமிடக் காத்திருப்பை மிச்சப்படுத்தும். கட்டணமும் குறையலாம்.

தள்ளிப் போட முடியாத பயணம் இருந்தால்?

ஆரம்பத்தில் சொன்ன அந்த அம்மாவிடம் வருவோம்.

முடி வெட்டுவதைத் தள்ளிப் போடலாம். நண்பர் வீட்டு விருந்தைத் தள்ளிப் போடலாம். ரத்தச் சுத்திகரிப்பைத் தள்ளிப் போட முடியாது. பெரும்பாலான நோயாளிகள் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஒரு முறை தாமதமானால் அவருக்குப் பின்னால் அதே இயந்திரத்துக்குக் காத்திருப்பவருக்கும் தாமதம்.

அதனால் ஒரு தாளை எடுத்து அந்த வாரத்துப் பயணங்களை இரண்டாகப் பிரியுங்கள். மாற்றக்கூடியவை ஒரு பக்கம். மாற்ற முடியாதவை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் இருப்பவற்றுக்கு மட்டும் இப்போதே வழி தேடுங்கள்.

● நிலையத்தை 2 வாரம் முன்பே அழையுங்கள். மாலை நேரத்துக்குப் பதில் காலை நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

● துணையுடன் கூடிய மருத்துவப் போக்குவரத்துச் சேவையைப் பயன்படுத்துபவர்கள், ஓட்டுநர் எந்த வழியில் வருவார், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முதல் நாளே உறுதி செய்யுங்கள்.

● சக்கர நாற்காலியில் போகிறவர் என்றால் ஒரு முறை அதே வழியில் ஒத்திகை பார்த்து விடுங்கள். மின்தூக்கி எங்கே, எந்த வாசல் என்று தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது.

● மருந்து, பால்மாவு, பெரியவர்களுக்கான அணையாடை போன்றவற்றைச் செவ்வாய்க்கிழமைக்குள் வாங்கி வையுங்கள்.

● நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் 'ரோடு மூடியிருக்கே, எப்படி வருவாங்க' என்று தயங்கவே வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள். வழி கண்டுபிடிப்பது குடிமைத் தற்காப்புப் படையின் வேலை. உங்கள் புளோக் எண், மாடி, பக்கத்தில் உள்ள அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். அது போதும்.

வீட்டில் பணிப்பெண் இருந்தால் இவற்றை அவருக்கும் புரியும்படி எழுதிக் கொடுங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது முடிவு எடுக்க வேண்டியவர் அவர்தான்.

கடை வைத்திருப்பவர்கள், விநியோகிப்பவர்கள் என்ன செய்யலாம்?

பந்தயம் வந்தால் எல்லாக் கடையிலும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். தடத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சிலர் அப்படிச் சொல்வதில்லை. வழக்கமான வாடிக்கையாளர்கள் 'அந்தப் பக்கமே வேண்டாம்' என்று ஒதுங்கி விடுகிறார்கள். டிக்கெட் எடுத்தவர்கள் உள்ளேயே சாப்பிட்டு விடுகிறார்கள்.

சரக்கைச் செவ்வாய்க்குள் இறக்கி விடுங்கள். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் என்றால் விநியோகிப்பவரிடம் விடியற்காலை நேரம் கேளுங்கள். 'கடை திறந்திருக்கு, இந்த வழியா வரலாம்' என்று வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். கடை மூடியிருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்யும் முன் நீங்கள் முந்திக் கொள்ளுங்கள்.

நாம் வாடிக்கையாளர்களாக என்ன செய்யலாம்? அந்த வாரம் உணவுக்கு ஆர்டர் செய்தால் தாமதத்துக்கு விநியோகிப்பாளரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மழையில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றி வந்திருப்பார். முடிந்தால் கீழே இறங்கிப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, பக்கத்தில் உள்ள கோல்டன் மைல் உணவு நிலையத்துக்கோ புளோக்குக்குக் கீழே உள்ள காபிக்கடைக்கோ நடந்தே போய்ச் சாப்பிடுங்கள். அவர்களுக்கும் அந்த வாரம் உங்கள் காசு தேவைப்படும்.

நெடுந்தொலைவோட்டத்துக்கும் இதே திட்டம் போதுமா?

போதாது. நெடுந்தொலைவோட்டம் வேறு ரகம்.

எஃப்1 ஒரு சின்ன வட்டாரத்தைப் பல நாள் அடைக்கும். 42.195 கிலோமீட்டர் ஓட்டமோ பல வட்டாரங்களைச் சில மணி நேரம் மட்டும் அடைக்கும். பெரும்பாலும் இரவில் அல்லது அதிகாலையில் மூடி, கடைசி ஓட்டக்காரர் கடந்ததும் பகுதி பகுதியாகத் திறப்பார்கள். அன்று காலை விமான நிலையத்துக்கோ வேலைக்கோ போகிறவர்கள் மட்டும் கூடுதல் நேரம் வைத்துக் கொண்டால் போதும். மற்றவர்கள் நிதானமாகப் பசியாறிவிட்டுக் கிளம்பலாம்.

சிரமம் தாங்க முடியவில்லை என்றால் யாரிடம் சொல்வது?

புலம்புவதோடு நிறுத்தி விடாதீர்கள். எந்தச் சந்திப்பில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். ஏற்பாட்டாளர்கள், நிலப் போக்குவரத்து ஆணையம், உங்கள் தொகுதியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி ஆகியவற்றில் அதைத் தெரிவிக்கலாம். 'ஒரே ஜாம்' என்பதை விட 'வெள்ளி மாலை 6 மணிக்கு இந்த நிறுத்தத்தில் மூத்தோர் 40 நிமிடம் நின்றனர்' என்பதற்குப் பலன் அதிகம். சிங்கப்பூர்ப் பந்தயத்துக்கான ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. இந்த ஆண்டு நீங்கள் சொல்வது அடுத்த ஆண்டுக்கு உதவும்.

கிளம்புவதற்கு முன் ஒரு பார்வை

✓ மூடப்படும் சாலைகளின் பட்டியலை இந்த ஆண்டுக்கானதுதானா என்று சரிபார்த்து விட்டீர்களா?

✓ செவ்வாய் மாலைக்குள் காரை நகர்த்தியாச்சா?

✓ மாற்ற முடியாத பயணங்களுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறீர்களா?

✓ தனியாக வசிக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சொல்லியாச்சா?

கடைசிக் கேள்வியை விட்டு விடாதீர்கள். இந்தக் கட்டுரையைக் கைத்தொலைபேசியில் படிக்கும் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. புதன்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கப்போகும் அவருக்கு இன்னும் தெரியாது. செவ்வாய் சாயந்திரம் கதவைத் தட்டி, "பாட்டி, நாளைக்கு இந்தப் பக்கம் பஸ் வராது. எங்கேயாவது போகணும்னா சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள்.