ஆறு மீட்டர், 37 டிகிரி, இரண்டு விரல்

மருத்துவ உதவியாளர்களுக்கான தொடர் – 9

மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்தார்கள். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடிக்கான பவர் கணிப்பது, அறுவைக்கு ஆளைத் தயார்செய்வது எல்லாம் அந்தப் பெண்களின் பொறுப்பு ஆயின. மருத்துவரின் நேரம் நோயைக் கண்டறியவும் அறுவை செய்யவும் மிச்சமானது. இன்று அந்தக் குழும மருத்துவமனைகளில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கண் அறுவைகள் நடக்கின்றன என்றால், இந்த வேலைப் பங்கீடு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சென்ற வாரம் ரத்த அழுத்தம் பார்த்தோம். இந்த வாரம் கண், காது, பிசியோதெரபி. மூன்றிலும் நீங்கள் கைக்கொள்ள வேண்டிய சில அளவுகள் உண்டு. அளவை மட்டும் மனப்பாடம் செய்தவர் கூட்டம் சேர்ந்ததும் தவறவிடுவார்; அந்த அளவு ஏன் வந்தது என்று தெரிந்தவர் தவறவிட மாட்டார்.

கண்: ஆறு மீட்டர்

சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை 1862-ல் வடிவமைத்தவர் நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன். ஆறு மீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் ஏறக்குறைய இணையாகவே கண்ணுக்குள் நுழைகின்றன. கண் தன்னைச் சிரமப்படுத்திக் குவிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தத் தூரம். நாற்காலியை ஒரு மீட்டர் முன்னால் தள்ளிப் போட்டால், சுமாரான பார்வையும் நல்ல பார்வையாகப் பதிவாகிவிடும். அறை சிறியதா? மூன்று மீட்டரில் கண்ணாடி மாட்டி, நோயாளியின் தலைக்கு மேலே இடவலம் மாறிய எழுத்து அட்டையை வையுங்கள். போய்த் திரும்பும் தூரம் ஆறு மீட்டராகிவிடும்.

6/18 என்றால், நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் ஆறு மீட்டரில்தான் படிக்கிறார் என்று பொருள். எப்போதும் வலது கண் முதலில்; வரிசை மாறாமலிருந்தால் பதிவும் மாறாது. மறு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள், அழுத்தக் கூடாது. அழுத்திய கண்ணில் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும். அடுத்து அதைச் சோதிக்கும்போது தப்பான அளவு வரும். பள்ளிப் பிள்ளைகள் விரலிடுக்கில் பார்ப்பார்கள். முன்னால் நின்றவன் படித்ததைக் கேட்டு ஒப்பிப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு, திசை காட்டும் 'ஈ' அட்டை இருக்கிறது. அட்டையில் உள்ளது தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஊசித்துளை வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் போதும். தெளியாவிட்டால் வேறு கோளாறு இருக்கலாம் என்று மருத்துவருக்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது.

சொட்டு மருந்துக்கு ஒரு சொட்டே மிகுதி. கீழிமைப் பையால் ஒரு முழுச் சொட்டைக்கூடத் தாங்க முடியாது. மிச்சம் கன்னத்தில் வழியும், இல்லை மூக்கு வழியே உடம்புக்குள் போகும். ஆகவே மருந்து விட்டதும் கண்ணின் உள்மூலையை ஓரிரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். கண் அழுத்தத்துக்குத் தரும் டிமோலால் சொட்டு அப்படி உடம்பில் கலந்தால் ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வந்துவிடக்கூடும். இரண்டு மருந்துகள் என்றால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி தேவை. இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

இந்த நிதானம் எல்லாவற்றுக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கிக் கண்ணில் தெறிக்கவிட்ட குழந்தை வந்தால் பெயர், வயது, எழுத்து அட்டை எதுவும் வேண்டாம். உடனே கண்ணைத் தண்ணீரால் கழுவுங்கள், குறைந்தது 15 நிமிடம். காரம் கண்ணுக்குள் அரித்துக்கொண்டே போகும். இமைக்கடியில் ஒட்டியிருக்கும் துணுக்கை எடுக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை கழுவுவதை நிறுத்தாதீர்கள்.

காது: 37 டிகிரி

வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற இளம் மருத்துவர் காதைக் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலைசுற்றல் வருவதைக் கவனித்தார். தண்ணீர் குளிர்ந்திருந்தால் விழிகள் ஒரு பக்கம் துடித்தன. சூடாக இருந்தால் மறுபக்கம். உட்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பை வெப்பநிலை மாற்றம் கலைக்கிறது என்று அவர் விளக்கினார். அதற்காக 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, முதல் உலகப் போரில் பிடிபட்டு ரஷ்ய முகாமில் கைதியாக இருந்தார். காது கழுவும் தண்ணீர் உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கீழும் பின்னும். அப்போதுதான் வளைந்த துவாரம் நேராகும். நீரைச் செவிப்பறையில் நேராகப் பீய்ச்சாமல் துவாரத்தின் மேல்பக்கச் சுவரில் பாய்ச்சினால், அது பின்னால் சுற்றி அழுக்கைத் தள்ளிக்கொண்டு வரும். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும் முன் கழுவக் கூடாது. குழந்தை காதில் பட்டாணியைப் போட்டுக்கொண்டு வந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், ஊறிப் பருத்துவிடும்.

பிசியோதெரபி: இரண்டு விரல்

அக்குள் கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்; கைப்பிடியைப் பிடிக்கையில் முழங்கை சற்றே மடிந்திருக்க வேண்டும். உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குவதற்காக இந்த அளவு. கட்டையில் அக்குளைச் சாய்த்து நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கிவிடும். கால் முறிவுக்கு வந்தவர் கையையும் கெடுத்துக்கொண்டு போவார். செருப்பைப் போட்டபடியே நிற்கவைத்து அளவெடுங்கள்.

கைத்தடி வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். நம்மில் பலர் வலிக்கும் பக்கமே ஊன்றுகிறார்கள். நடக்கும்போது எதிரெதிர்க் கையும் காலும்தான் சேர்ந்து முன்னே போகின்றன. நோகும் கால் தரையைத் தொடும் நேரத்தில் தடியும் தொட்டுச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. உடம்பை உயர்த்துவதும் மெதுவாக இறக்குவதும் மேல்படியில் இருக்கும் காலின் வேலை. அந்த வேலையை நல்ல கால்தான் செய்ய வேண்டும்.

புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்தில் முதல் 48 மணி நேரம் வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தையும் கூட்டும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் போதும். எந்த ஒத்தடத்துக்கும் முன்னால், "உங்களுக்குச் சர்க்கரை இருக்கா? கால் மரத்துப் போகுதா?" என்று கேட்டுவிடுங்கள். மரத்த பாதத்துக்குச் சுடுவதே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகிவிடக்கூடும்.

உதவியாளர் பதிவேட்டில் எழுதும் அளவை நம்பித்தான் மருத்துவர் முடிவெடுக்கிறார். சந்தேகம் வந்தால் மறுபடி அளந்து பாருங்கள். அளக்க முடியாமல் போனால் அதையும் அப்படியே எழுதுங்கள். எந்த விதிக்காவது காரணம் தெரியாவிட்டால் மருத்துவரிடமோ மூத்த நர்ஸிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள். காரணம் புரியாமல் யார்மேலும் கை வைக்காதீர்கள்.

அடுத்த வாரம்: ஊசி போடும் இடமும் கோணமும்.

(தொடரும்)