தாலேட்டு டையாக்சிஜனேஸ்

தாலேட்டு டையாக்சிஜனேஸ் என்பது மண்ணிலும் நீரிலும் வாழும் சில பாக்டீரியாக்களில் காணப்படும் ஒரு நொதித் தொகுதி ஆகும். நெகிழிப் பொருட்களில் சேர்க்கப்படும் தாலேட்டு எஸ்தர்கள் சிதையும்போது தாலேட்டு என்னும் சேர்மம் உண்டாகிறது. அதன் பென்சீன் வளையத்தில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்ப்பதே இந்நொதியின் பணி. எளிதில் உடையாத அவ்வளையம் பின்னர் திறக்கப்படுவதற்கு இவ்வினையே வழிசெய்கிறது.

பின்னணி

பாலிவினைல் குளோரைடு இயல்பில் விறைப்பானது. அதை வளையக்கூடியதாக ஆக்கச் சேர்க்கப்படும் பொருட்கள் நெகிழ்வூட்டிகள் எனப்படுகின்றன. டை(2-எத்தில்ஹெக்சைல்) தாலேட்டு இவற்றுள் பெரிதும் அறியப்பட்டது. நெகிழ்வூட்டிகள் பலபடிச் சங்கிலியுடன் வேதிப்பிணைப்பால் இணையாமல் அதனுள் கலந்து மட்டுமே இருப்பதால், காலப்போக்கில் கசிந்து மண்ணையும் நீரையும் அடைகின்றன. கருவிலுள்ள ஆண் எலிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியை இவற்றுள் சில பாதிப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டின் ஆணை மூலம், விளையாட்டுப் பொருட்களில் மேற்கூறியது உள்ளிட்ட மூன்று தாலேட்டுகளின் அளவை 0.1 விழுக்காட்டுக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தியது.

பாக்டீரியாக்கள் முதலில் எஸ்தரேஸ் நொதிகளைக் கொண்டு இரண்டு எஸ்தர் பிணைப்புகளையும் ஒவ்வொன்றாக நீராற்பகுக்கின்றன. பக்கச் சங்கிலிகள் ஆல்ககாலாகப் பிரிந்துபோக, தாலேட்டு எஞ்சுகிறது. இதுவரையிலான வேலை ஒப்பீட்டளவில் எளிது. கடினமான பகுதி இதன் பிறகே தொடங்குகிறது.

வினை

கிராம்-எதிர் பாக்டீரியாக்களில் இந்நொதி வளையத்தின் 4, 5 ஆம் கரிம அணுக்களில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. ஆர்த்ரோபாக்டர், ரோடோகாக்கஸ் போன்ற கிராம்-நேர் பாக்டீரியாக்களில் இதே பணியைச் செய்யும் நொதி 3, 4 ஆம் இடங்களைத் தாக்குகிறது. இரு வழிகளும் பின்னர் புரோட்டோகேட்டிகுவேட் என்னும் சேர்மத்தில் வந்து சேர்கின்றன. அங்கு வேறொரு நொதி வளையத்தைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு தாலேட்டு மூலக்கூறுக்கும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும், என்.ஏ.டி.எச். தரும் இரண்டு எதிர்மின்னிகளும் தேவை.

அமைப்பு

இத்தொகுதி ரிடக்டேஸ், ஆக்சிஜனேஸ் என்னும் இரு புரதங்களால் ஆனது. அப்போது சூடோமோனாஸ் செபாசியா என்று வழங்கிய பாக்டீரியாவிலிருந்து (இன்று பர்க்கோல்டேரியா செபாசியா) இவ்விரண்டும் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1987 இல் வெளியானது.

ரிடக்டேஸின் படிக அமைப்பு 1992 இல் வெளியிடப்பட்டது. ஒரே புரதச் சங்கிலி மூன்று பகுதிகளாக மடிந்துள்ளது. ஒன்று எஃப்.எம்.என். என்னும் துணைக்காரணியையும், மற்றொன்று என்.ஏ.டி.எச்.-ஐயும் பற்றுகின்றன. மூன்றாவது பகுதி, தாவரங்களின் ஃபெரடாக்சினைப் போன்றே இரண்டு இரும்பு, இரண்டு கந்தக அணுக்கள் கொண்ட கொத்து ஒன்றைத் தாங்குகிறது. என்.ஏ.டி.எச். எதிர்மின்னிகளை இரண்டிரண்டாகவே தரும். இரும்பு-கந்தகக் கொத்தோ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே ஏற்கும். இடையிலுள்ள எஃப்.எம்.என். இரண்டையும் வாங்கி, ஒவ்வொன்றாகக் கைமாற்றுகிறது.

ஆக்சிஜனேஸின் ஒவ்வொரு துணையலகிலும் இரண்டு இரும்பு மையங்கள் உள்ளன. ஒன்று ரீஸ்கே வகைக் கொத்து. இதில் ஓர் இரும்பணுவை இரண்டு சிஸ்டீன்களும் மற்றதை இரண்டு ஹிஸ்டிடின்களும் பிடித்துள்ளன. மற்றையது தனித்த இரும்பணு. இரண்டு ஹிஸ்டிடின்களும் ஓர் அஸ்பார்டிக் அமிலமும் அதைத் தாங்குகின்றன. ஆக்சிஜன் இணையும் வினை இங்குதான் நிகழ்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நாப்தலீன் டையாக்சிஜனேஸின் அமைப்பு 1998 இல் தீர்க்கப்பட்டபோது ஒரு வியப்பு காத்திருந்தது. ஒரே துணையலகிலுள்ள இரு மையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 44 ஆங்ஸ்ட்ராம் தொலைவு இருந்தது. எதிர்மின்னி அவ்வளவு தூரம் தாவுவது அரிது. ஆனால் அடுத்த துணையலகின் தனித்த இரும்போ சுமார் 12 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலேயே இருந்தது. ஆகவே எதிர்மின்னி தன் துணையலகுக்குள் செல்லாமல் அண்டையதற்கே செல்கிறது எனக் கொள்ளப்படுகிறது. மூன்று துணையலகுகள் வளையமாகச் சேராவிடில் இவ்வகை நொதிக்குப் பயனில்லை. இரு மையங்களையும் இணைக்கும் பாலமாக ஓர் அஸ்பார்டிக் அமிலம் அமைந்துள்ளது. தாலேட்டு டையாக்சிஜனேஸில் இது 178 ஆம் இடத்திலுள்ளது. அதை மாற்றியபோது நொதியின் செயற்பாடு பெரிதும் வீழ்ந்ததை 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது.

நாப்தலீன் டையாக்சிஜனேஸில் மூன்று ஆல்ஃபா, மூன்று பீட்டா துணையலகுகள் உண்டு. தாலேட்டு டையாக்சிஜனேஸில் பீட்டா வகை இல்லை. 1987 இல் இது நான்கு துணையலகுகளால் ஆனதாகக் கருதப்பட்டது. மூன்று ஆல்ஃபாக்கள் கொண்ட இரு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய ஆறலகு அமைப்பே சரியானது என்ற முடிவு, படிகம் கிடைப்பதற்கு முன்னரே 2007 இல் வெளியானது. கோமமோனாஸ் டெஸ்டோஸ்டெரோனி பாக்டீரியாவின் நொதியைப் படிகமாக்கி, ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் முதலானோர் 2021 இல் வெளியிட்ட அமைப்பு இதை உறுதி செய்தது. ரிடக்டேஸின் அமைப்பு வெளியாகி அதற்குள் 29 ஆண்டுகள் கடந்திருந்தன. தாலேட்டின் எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சிலேட் தொகுதிகளை நேர்மின்னூட்டமுடைய ஆர்ஜினின்கள் பற்றிக்கொள்வதும் இவ்வமைப்பில் தெரிந்தது. மின்னூட்டமற்ற நாப்தலீனுக்கு இத்தகைய பிடிமானம் தேவையில்லை.

பயன்பாடு

எஸ்தரேஸ்களைத் தனியே பிரித்து, துணைக்காரணி ஏதுமின்றிப் பயன்படுத்த இயலும். டையாக்சிஜனேஸுக்கு அது பொருந்தாது. ரிடக்டேஸும் தொடர்ந்து என்.ஏ.டி.எச். வழங்கும் ஏற்பாடும் உடனிருக்க வேண்டும். இதனால், வளையம் வரை முழுமையாகச் சிதைக்க உயிருள்ள பாக்டீரியாக்களைப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஏற்றது.