பூ வியாபாரியின் லாபம் எங்கே போனது?

கன்சல்டிங் நிறுவனங்கள் விற்பது ஆலோசனை. விற்பனை சரிந்த ஆலை, கிளை திறக்கலாமா என்று யோசிக்கும் வங்கி, செலவைக் குறைக்கப் பார்க்கும் மருத்துவமனை என யார் அழைத்தாலும் சில மாதங்கள் உள்ளே இருந்து ஆராய்ந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வது இவற்றின் வேலை. 1926இல் சிகாகோவில் தொடங்கிய மெக்கின்சி, 1963இல் பாஸ்டனில் தொடங்கிய பி.சி.ஜி., 1973இல் வந்த பெயின் ஆகிய மூன்றும் இத்துறையில் முன்வரிசை. டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகிய தணிக்கை நிறுவனங்களும் பெரிய ஆலோசனைப் பிரிவுகளை நடத்துகின்றன. வேலையில் சேர்ந்தபின் செய்ய வேண்டியதைத் தேர்வு அறையிலேயே செய்து காட்டச் சொல்வது இவற்றின் வழக்கம்.

முதலில் ரெஸ்யூமேயைச் சலித்து ஷார்ட்லிஸ்ட் போடுகிறார்கள். பிறகு பல இடங்களில் ஆன்லைன் தேர்வு; மெக்கின்சியில் அது கணினி விளையாட்டு வடிவில் இருக்கும். அடுத்துதான் நேர்முகச் சுற்றுகள். கடைசிச் சுற்றில் பெரும்பாலும் பார்ட்னர்களே எதிரில் உட்கார்வார்கள்.

எளிய கேள்வி வகைக்கு கெஸ்டிமேட் என்று பெயர். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நாளில் எத்தனை டீ விற்கும்? எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. கடைகள் 20 என்று வைத்துக்கொள்ளலாம். கடை திறந்திருப்பது 18 மணி நேரம். அதில் கூட்டமான 6 மணி நேரத்தில் மணிக்கு 60 டீ, மீதி 12 மணி நேரத்தில் மணிக்கு 20 டீ என்றால் கடைக்கு 600, மொத்தம் 12,000. இதோடு நிறுத்துபவருக்குப் பாதி மதிப்பெண்தான். நாளொன்றுக்கு 30,000 பேர் வந்து போகிறார்கள், மூவரில் ஒருவர் டீ குடிக்கிறார் என்று வேறு வழியில் போட்டால் 10,000 வருகிறது. இரண்டும் நெருங்கி நிற்பதால் கணக்கை ஓரளவு நம்பலாம். கொடைக்கானல் போகும் வழி என்பதால் அங்கே சீசன் வந்தால் இது கூடும் என்று தானாகவே சொல்பவரைத் தேர்வாளர் குறித்துக்கொள்வார்.

தேர்வின் உயிர் கேஸ் என்னும் பகுதியில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் சிக்கலைச் சொல்லி, அரை மணி நேரத்துக்குள் அவிழ்க்கச் சொல்வார்கள். பக்கத்து நிலக்கோட்டைச் சந்தையில் ஒரு மல்லிகை வியாபாரி இருப்பதாகக் கொள்வோம். கொள்முதலும் விலையும் மாறவில்லை, லாபம் மட்டும் பாதியாகிவிட்டது என்கிறார். உடனே ஆன்லைனில் விற்கச் சொல்லும் மாணவர் அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார். நல்ல மாணவர் முதலில் கேட்பார்: எத்தனை மாதமாக இப்படி? இவருக்கு மட்டுமா, எல்லா வியாபாரிகளுக்குமா? பிறகு ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, லாபத்தை வரவு, செலவு என்று பிரித்து, வரவை விலை, விற்ற எடை என்று மேலும் பிரித்துத் தாளில் வரைவார். பிரித்த கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. எதுவும் விடுபடவும் கூடாது. மெக்கின்சியில் பணியாற்றிய பார்பரா மின்டோ பரப்பிய இந்த விதி இன்று துறை முழுவதற்கும் பொது.

எண்களைக் கேட்டால் தேர்வாளர் தருவார். கிலோ 400 ரூபாய்க்கு 200 கிலோ வாங்குகிறார், முதல் 80,000. விற்பது 500 ரூபாய்க்கு. முன்பு நூற்றுக்குப் பத்து கிலோ வீணானது. 180 கிலோ விற்று 90,000 வந்தது, லாபம் 10,000. இப்போது நூற்றுக்குப் பதினைந்து வீணாகிறது. 170 கிலோவுக்கு 85,000, லாபம் 5,000. கழிவு நூற்றுக்கு ஐந்து கூடியதில் லாபத்தில் பாதி போய்விட்டது. மாலைக்குள் மலர்ந்துவிடும் சரக்கில் இதுதான் ஆபத்து. முகூர்த்த நாள் பார்த்துக் கொள்முதலைக் கூட்டிக் குறைப்பதா, மீந்த பூவைச் சென்ட் ஆலைக்குத் தள்ளுவதா, அங்கே என்ன விலை கிடைக்கும் என்று பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகரும். கணக்கில் சிறு பிழை வந்தால் மன்னிப்பு உண்டு. யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லாமல் மௌனமாகப் போட்ட சரியான விடைக்கு மதிப்புக் குறைவு. வாடிக்கையாளர் முன்னால் அந்த மௌனம் உதவாது.

மற்றொரு பகுதி சொந்த அனுபவம். ஒத்துக்கொள்ளாத ஒருவரை எப்படி இணங்க வைத்தீர்கள், ஒரு குழுவை எப்படி நடத்தினீர்கள் என்று ஒரே நிகழ்வை அடுக்கடுக்காகத் தோண்டுவார்கள். மனப்பாடம் மூன்றாவது கேள்வியில் உதிர்ந்துவிடும். குடும்பக் கடையில் கணக்கு பார்த்ததும் கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்ததும் இங்கே முழுத் தகுதியுள்ள அனுபவங்கள்தான். சிற்றூர்ப் பிள்ளைகள் அவற்றைச் சொல்லக் கூசுவது வருத்தம் தருகிறது.

உண்மையான தடை வாசலில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி. போன்ற சில வளாகங்களுக்கே நேரில் போகின்றன. திண்டுக்கல் மாவட்டக் கல்லூரியில் படித்த திறமைசாலி அந்த வரிசையில் நிற்பதே இல்லை. இது நிறுவனங்களுக்கும் இழப்பு. அவருக்குள்ள வழிகளில் ஒன்று, கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி, 2011இல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரியில் சேர்வது. தணிக்கை நிறுவனங்களின் ஆலோசனைப் பிரிவுகளிலோ, ஆய்வுத் துணைப் பணிகளிலோ முதலில் நுழைவது மற்றொன்று. நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். உள்ளே இருப்பவரின் பரிந்துரை அதற்கு வலுச் சேர்க்கும்.

பயிற்சிக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் தேர்வாளராக, மற்றவர் விண்ணப்பதாரராக, பிறகு மாறி மாறி. ஆங்கிலத்தில், உரக்க, நேரம் வைத்துச் செய்ய வேண்டும். முதல் சில கேஸ்களைத் தமிழில் போட்டுத் தர்க்கத்தை உறுதிப்படுத்திக்கொண்டு மொழியைப் பிறகு மாற்றினால், தடுமாற்றம் யோசனையிலா ஆங்கிலத்திலா என்பது தெரிந்துவிடும். தேறாதவர் அதே நிறுவனத்துக்கு மீண்டும் விண்ணப்பிக்க, பொதுவாக ஓராண்டோ இரண்டாண்டோ காத்திருக்க வேண்டும். மற்ற நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை.