கிணற்றுப் பங்கும் தொடர்மாடி வீடும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்துப் பழகியோர், அவற்றில் ஆதனத்தின் எல்லைகள் கூறப்பட்டதன் பின்னர் இடம்பெறும் ஒரு விபரத்தை அறிவர். காணியும் அதிலுள்ள வீடும் பயன்தரு மரங்களும் முழுவதாகக் கைமாற, கிணறு பெரும்பாலும் பங்காகவே கைமாறும். அயற்காணிக் கிணற்றில் ஆறிலொரு பங்கோ எட்டிலொரு பங்கோ, அதற்குச் சென்றுவரும் வழியுரிமை, நீர் பாயும் வாய்க்காலுரிமை ஆகியன தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். இவ்வுரிமைகளுள் ஒன்று உறுதியில் விடுபட்டமையால் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்கள் எமது பகுதியில் உண்டு. ஆகவேதான் வட்டுக்கோட்டையில் ஒரு காணியைப் பார்க்கச் செல்பவர் வீட்டின் சுவரைக் கவனிக்குமுன் ஒழுங்கையைக் கவனிப்பார், வேலியைக் கவனிப்பார். வழுக்கியாறு கடனீரேரியைச் சேரும் அராலிப் பக்கமெனில், கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்க்காமல் விலை பேசமாட்டார்.

இதே மனிதர் கொழும்பு வெள்ளவத்தையில் மகளுக்கெனத் தொடர்மாடி வீடொன்றைப் பார்க்கச் செல்லும்பொழுது நடப்பது வேறு. நிலத்துக்குப் பதித்த ஓட்டின் பளபளப்பு, சமையலறையின் அலுமாரிகள், யன்னலிற் தெரியும் கடற்றுண்டு, எத்தனை சதுர அடி என்ற கணக்கு ஆகியவற்றோடு அவரது பார்வை நின்றுவிடுகின்றது. கிணற்றில் எட்டிலொரு பங்குக்காக வழக்காடிய பரம்பரையைச் சேர்ந்தவர், கூரையிலும் நீர்த்தாங்கியிலும் படிக்கட்டிலும் நிலத்திலும் தமக்குரிய பங்கு யாது என்று கேட்பதில்லை. உண்மையில் தொடர்மாடி வீடென்பது சட்ட நோக்கில் பெரும்பாலும் பங்குகளாலேயே ஆனது. இம்முரண்பாடு எவ்வாறு தோன்றிற்று, வாங்குபவர் எவற்றை நோக்குதல் வேண்டும் என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

வட்டுக்கோட்டையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பாதை நெடியது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு நிறுவிய செமினறி 1855இல் மூடப்பட்டபோதிலும், அது தொடக்கிவைத்த ஆங்கிலக் கல்விமரபு, நிலத்தை மாத்திரம் நம்பி வாழாது அரசாங்க உத்தியோகத்தின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நம்பி வாழும் ஒரு மத்தியதர வர்க்கத்தை உருவாக்கிற்று. சம்பளம் கொழும்பிலும் மலாயாவிலும் உழைக்கப்பட்டது. வீடு ஊரிலேயே கட்டப்பட்டது. கொழும்பில் வாடகை வீடு போதுமானதாயிருந்தது. வெள்ளவத்தை அக்காலத்தில் தங்குமிடமேயன்றி இருப்பிடமன்று.

இந்நிலையை மாற்றியது வன்முறையும் இடப்பெயர்வுமாகும். 1983 ஜூலையில் வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகள் எரிக்கப்பட்டன. பலர் கப்பலில் ஊர் திரும்பினர். பலர் நாட்டைவிட்டே வெளியேறினர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ முழுவதாகவே இடம்பெயர்ந்தனர். அதன்பின் ஊரிலுள்ள நாற்சார் வீடு உறுதியில் மாத்திரம் இருந்தது. வெளிநாடு சென்ற பிள்ளைகள் அனுப்பிய பணம், எரிக்கப்பட்ட அதே வெள்ளவத்தையிலேயே தொடர்மாடிகளாக எழுந்தது. கொழும்பில் ஏன் தங்கியிருக்கிறீர் என்ற பொலிஸ் கேள்விக்கு, சொந்த வீட்டு உறுதி ஒரு விடையாயிற்று. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டபொழுது (மறுநாள் உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது) இவ்விடையின் பெறுமதி பலருக்குத் தெளிவாயிற்று. எனவே, பாதுகாப்பின் பொருட்டு அவசரமாக வாங்கப்பட்ட பொருளாகவே தொடர்மாடி வீடு எமது சமூகத்துள் நுழைந்தது. அவசரத்தில் வாங்குபவன் கேள்வி கேட்பதில்லை. பின்னர் அது சீதனப் பட்டியலிலும் இடம்பிடித்தது. வட்டுக்கோட்டை என்றதும் 1976ஆம் ஆண்டுத் தீர்மானம் நினைவுக்கு வருவோர் பலர். அதே ஊரின் கலியாணப் பேச்சுக்களில் இன்று அடிக்கடி உச்சரிக்கப்படும் இடப்பெயர் வெள்ளவத்தையே என்பதை வரலாற்றின் சிறு குறும்பெனக் கொள்ளலாம்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். தொடர்மாடியின் தனித்தனி அலகுகளை உடைமையாக்குவதற்கு அடிப்படையாயிருப்பது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டமாகும். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு உச்சவரம்பு விதித்த சட்டம் நிறைவேறிய அதே ஆண்டிலேயே இதுவும் நிறைவேறியது. இச்சட்டத்தின்படி வாங்குபவருக்கு இரண்டு உரிமைகள் கிடைக்கின்றன. ஒன்று, சுவர்களுக்கு உட்பட்ட அலகு. மற்றையது, நிலம், அத்திவாரம், கூரை, படிக்கட்டு, லிப்ற், நீர்த்தாங்கி முதலிய பொதுக் கூறுகளிற் பிரிக்கப்படாத ஒரு பங்கு. பின்னையது இன்றி முன்னையது அந்தரத்திலே தொங்கும் வெறும் வெளி. பங்கு மதிப்பென வரைபடத்தில் ஒவ்வோர் அலகுக்கும் ஓர் எண் குறிக்கப்படும். பராமரிப்புக்குச் செலுத்தும் பணமும் உரிமையாளர் கூட்டத்தில் அளிக்கும் வாக்கின் நிறையும் அவ்வெண்ணைப் பொறுத்தன. எட்டிலொரு பங்கு கிணறு என்று எமது உறுதிகள் கூறியது இதனையே.

இங்கு மனங்கொள்ளவேண்டியது யாதெனில், கூட்டாதன வரைபடம் காணிப் பதிவகத்திற் பதியப்படும்வரை சட்டத்தின் கண்ணில் அலகென ஒன்று இல்லை என்பதாகும். கட்டடம் எழுந்திருக்கலாம், குடும்பங்கள் குடியிருக்கலாம், மின்பட்டியல் அவர்கள் பெயரில் வரலாம். எனினும் வரைபடம் பதியப்படாதவிடத்து, அலகுக்குரிய உறுதி எழுத இயலாது. நகர அபிவிருத்தி விதிகளுக்கமையக் கட்டப்பட்டதென்ற இணக்கச் சான்றிதழ் கிடைத்த பின்னரே அப்பதிவு சாத்தியமாகும். அனுமதி பெற்ற மாடிகளுக்கு மேலாக இன்னொரு மாடியை எழுப்பிய கட்டடத்துக்கு அச்சான்றிதழ் கிடைப்பது அரிது. இக்கட்டுரையாளரின் உறவினர் ஒருவர், சங்கரத்தையிலிருந்த தோட்டக்காணியை விற்று மகளுக்கு வீடு வாங்கினார். திறப்புக் கிடைத்து ஏழு ஆண்டுகளாகியும் உறுதி கிடைக்கவில்லை. அவர் கையிலிருந்தவை பற்றுச்சீட்டுக்களும் அழகிய அச்சுப் புத்தகமொன்றுமே. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அசைவற்ற ஆதனத்தின் விற்பனையும் விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் நிறைவேற்றப்படாதவிடத்து வலிதற்றவை. நூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்த இச்சட்டத்தை எமது ஊர்க் கிழவர்கள் நன்கறிவர். கல்விகற்ற அவர்களது பேரர் அறியாதிருப்பதுதான் வியப்பு.

ஆகவே வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டியது வரைபடமும் இணக்கச் சான்றிதழும். அவற்றோடு நிலத்தின் மீதுள்ள வில்லங்கம். கட்டுபவர் முழுநிலத்தையும் வங்கியொன்றுக்கு ஈடுவைத்துக் கட்டுவது வழக்கம். ஒவ்வோர் அலகும் விற்கப்படும்பொழுது அதற்குரிய பகுதி ஈட்டிலிருந்து விடுவிக்கப்படவேண்டும். அவ்விடுவிப்பு எழுத்தில் இல்லையெனில் கட்டுபவரின் கடன் வாங்குபவரின் தலைமேற் கிடக்கும். வெளிநாட்டுப் பிரசையாகிவிட்ட பிள்ளையின் பெயரில் எழுதவிரும்புவோர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடைசெய்தபொழுது, நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் அமைந்த அலகுகளுக்கே, முழுத்தொகையும் வெளிநாட்டிலிருந்து முற்கூட்டியே அனுப்பப்படவேண்டுமென்ற நிபந்தனையுடன், விலக்களித்தது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுபவை; வாங்கும் நாளில் உள்ள நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் வேண்டும். வட்டுக்கோட்டையிற் பிறந்தவர் வட்டுக்கோட்டைக் காணிக்கே அந்நியராகிவிட்ட நிலை தனியே ஆராயத்தக்கது.

அமைவிடத்தைப் பொறுத்தவரை, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளே அதிக விலை பெறுகின்றன. பாடசாலை, கோயில், மீன்சந்தை, புகையிரத நிலையம் யாவும் நடைதூரத்தில் உள்ளன என்பது உண்மை. அதே கடற்காற்று யன்னற் கம்பியையும் கொங்கிறீற்றினுள் இருக்கும் இரும்பையும் உண்கிறது என்பதும் உண்மையே. பத்து ஆண்டு பழைய கட்டடத்தின் கார்த் தரிப்பிடத்துக்குச் சென்று தூண்களையும் தளத்தின் அடிப்பக்கத்தையும் அண்ணாந்து பார்த்தால், துருக்கறை படிந்த வெடிப்புக்கள் விற்பனையாளர் சொல்லாததைச் சொல்லும். கால்வாய்க்கு அண்மையிலுள்ள தாழ்நிலங்களில் மழைவெள்ளம் நிற்பதுண்டு. மாரிகாலத்தில் ஒருமுறை சென்று பார்ப்பது நன்று. ஒழுங்கையின் அகலம் இன்னும் முக்கியமானது. இரு கார்கள் விலத்த இயலாத ஒழுங்கையின் அந்தத்தில் எட்டு மாடி எழுந்திருக்குமாயின், தீயணைப்பு வண்டி எவ்வாறு உள்ளே வரும் எனக் கேட்டல் வேண்டும். 2017 மே மாதத்தில் வெள்ளவத்தை சவோய் திரையரங்குக்கு அண்மையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று பட்டப்பகலில் இடிந்து வீழ்ந்ததைப் பலர் மறந்துவிட்டனர். அயற்காணியில் அத்திவாரம் தோண்டப்படும்பொழுது எமது சுவருக்கு யாது நேரும் என்பதும் அமைவிடம் பற்றிய கேள்வியே.

வசதிகள் பற்றிய உண்மையை 2022ஆம் ஆண்டு கற்பித்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. தொடர்மாடியில் மின்சாரம் நின்றால் லிப்ற் நிற்கும். நீரை மேலேற்றும் பம்பி நிற்கும். ஜெனரேற்றருக்கு ஊற்ற டீசலும் அன்று கிடைக்கவில்லை. சமையல் எரிவாயுவும் தீர்ந்தது. வட்டுக்கோட்டையிலோ கிணற்றில் வாளியும், கோடியில் விறகும், மூன்று கல் அடுப்பும் இருந்தன. ஆறாம் மாடியில் விறகு எரிக்க வழியில்லை. மேலும், முழங்கால் வருத்தமுள்ள பெற்றோர் அந்நாட்களில் தத்தம் மாடிகளிலேயே சிறைப்பட்டனர். எனவே, வசதிகள் எவை என்று கேட்பதிலும் அவை எதனை நம்பி இயங்குகின்றன, அதற்குரிய செலவை யார் எப்பொழுது செலுத்துகின்றனர் என்று கேட்பதே பொருத்தமாகும். வரைபடம் பதியப்பட்டதும் உரிமையாளர் யாவரும் உறுப்பினரான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி உருவாகின்றது. அதனை மேற்பார்வை செய்யக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை உளது. அக்கூட்டுத்தாபனத்தின் சென்ற ஆண்டுக் கணக்கையும் கூட்டக் குறிப்பையும் வாங்கி வாசித்தால், எத்தனை அலகினர் பராமரிப்புப் பணம் நிலுவை வைத்துள்ளனர், லிப்ற் மாற்றுவதற்குச் சேமிப்பு உண்டா என்பன புலப்படும்.

இவ்வாறு கூறுவதால் ஊர்க் கிணற்றை இலட்சியப்படுத்துவதாக யாரும் கொள்ளவேண்டியதில்லை. கிணற்றுப் பங்கு நிலவுடைமையாளருக்கிடையே நிலவிய கூட்டுரிமையே. பங்கற்றோர் வேலிக்கு வெளியே குடத்துடன் நின்று, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தனர். கே. டானியலின் ‘பஞ்சமர்’ போன்ற நாவல்கள் எழுந்த சமூகக்களம் அதுவே. தொடர்மாடியிலும் வீட்டுவேலைக்கு வரும் மலையகப் பெண்ணும் இரவுக் காவலாளியும் கூட்டத்தில் வாக்கற்றவர்களே. வெள்ளவத்தையின் நிலமே இதனை இன்னும் அழுத்தமாகக் கூறும். 1933இல் வெள்ளவத்தை நூல் நூற்கும் நெசவாலையில் இந்திய வம்சாவளித் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் நடத்திய வேலைநிறுத்தம் இடதுசாரி இயக்க வரலாற்றில் ஒரு தொடக்கப்புள்ளி, கொல்வின் ஆர். டி சில்வா அத்தொழிற்சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் மாடித்தொகுதி நிற்கின்றது. வீட்டுப் பிரச்சினை பற்றி 1872இல் எழுதிய எங்கெல்ஸ், ஒவ்வொருவரையும் சிறு வீட்டுடைமையாளராக்குவது அப்பிரச்சினைக்குத் தீர்வாகாது என வாதிட்டார். அவ்வாதத்தை ஏற்கும் நாமும் எங்காவது குடியிருந்தாக வேண்டும். அதனால் வாங்குபவரை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று.

சீதனமாக எழுதப்படும் வீடு மகளின் பெயரில் உள்ளது. எனினும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் அசைவற்ற ஆதனத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தை வேண்டி நின்றது. உரிமையாளர் கூட்டத்துக்கும் பெரும்பாலும் கணவன்மாரே செல்கின்றனர். பராமரிப்புப் பணம் கூடியதும் பம்பி பழுதடைந்ததும் வீட்டிலிருக்கும் மனைவிக்கே முதலிற் தெரியும். மேற்குறித்த உறவினரின் மகள் அத்தொடர்மாடியின் ஏனைய பெண்களைக் கூட்டி, வரைபடப் பதிவுக்காகக் கையொப்பம் சேர்த்து வருகின்றார். பதினான்கு அலகுகளிற் பதினொருவர் ஒப்பமிட்டுள்ளனர். மற்றைய மூன்று அலகுகளின் உடைமையாளர் ரொறன்ரோவில் உள்ளனர்.