வலி நிஜம்தான், காரணம்?

செம்பூரில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மாமிக்கு ஓயாத தலைவலி. எதிர் மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் வைத்த நாள் முதல்தான் என்பார். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார். படுக்கையைப் பின் அறைக்கு மாற்றினார். வலி போகவில்லை. "எல்லாம் உன் மனப்பிரமைம்மா" என்று மகன் சொல்லிவிட, மாமி அழுதேவிட்டார். "நீங்களே சொல்லுங்கோ, நான் பொய்யா சொல்றேன்?" என்று என்னைக் கேட்டார். பதில் தேடிப் படித்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

உலகெங்கும் பலர் இப்படிச் சொல்கிறார்கள். அலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குத் தெரிவிக்காமல் செய்த 31 சோதனைகளை லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் தொகுத்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்கள் 725 பேர். அலை வருவதை இவர்களால் உணர முடிகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் நடிப்பா? அதுவும் இல்லை. ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இத்தொல்லை உள்ள 15 பேர், இல்லாத 15 பேர். மூளையின் இயக்கத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுக்கவைத்து, செல்போன் அலை வரப்போவதாகச் சொன்னார்கள். உண்மையில் எந்த அலையும் அனுப்பவில்லை. ஆனாலும் தொல்லை உள்ளவர்களின் மூளையில், வலியையும் உடல் வேதனையையும் உணர்வதில் பங்குள்ள பகுதிகள் மற்றவர்களைவிட அதிகம் இயங்கின. தோலில் சூடு வைத்துப் பார்த்தபோது இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை.

அதாவது, அலை வருகிறது என்ற எதிர்பார்ப்பே மூளையில் நிஜமான வேதனையை எழுப்ப முடியும். உலக சுகாதார நிறுவனமும் 2005-இல் இதையொட்டியே சொன்னது: அவஸ்தை உண்மை, அதற்கு மின்காந்த அலைதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை, வேறு நோய் உண்டா என்று டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.

இதை மாமியிடம் சொன்னேன். "அப்போ நான் பொய் சொல்லலையே!" என்றார். "இல்லை மாமி. ஆனால் கோபுரத்தின்மேல் பழியைப் போட்டு இரண்டு வருஷமா டாக்டரிடமே போகவில்லையே!"

மறுநாள் மகனே கூட்டிப்போனார். கண்ணாடியின் பவர் மாறியிருந்தது. யாருக்கும் தெரியாமல் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இப்போது மருந்து சாப்பிடுகிறார். தலைவலி முழுக்கப் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், கோபுரத்தோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். முதலில் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.